மச்சத்தின் மேல் பச்சை குத்தலாமா?

பச்சை குத்திக்கொள்ள விரும்புவோர், தோலில் ஏற்கெனவே இருக்கும் மச்சத்தை ஊசி தொடாமல் விட்டுவிட வேண்டும் என்று தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றனர். ஊசி பட்டால் மச்சம் புற்றுநோயாக மாறிவிடும் என்னும் பரவலான அச்சம் இந்த அறிவுரைக்கு அடிப்படையன்று. அவ்வாறு மாறும் என்பதற்குப் போதிய சான்று கிடைத்ததில்லை. மச்சம் தன் நிறத்திலும் ஓரத்திலும் அளவிலும் காட்டுகிற மாற்றமே தோலில் தோன்றும் கொடிய புற்றுநோய் ஒன்றின் முதல் அறிகுறியாக அமையக்கூடும் என்பதும், அந்த அறிகுறியை மை மூடிவிடுகிறது என்பதும்தான் உண்மையான காரணங்கள். தோல் மருத்துவரையும் அவருடைய கருவிகளையும் அருகிலேயே பெற்றிருக்கும் நகரவாசிக்கு இது ஓர் எச்சரிக்கை மட்டுமே. தருமபுரி மாவட்டத்து வத்தல்மலை போன்ற மலையூர்களில் வாழ்வோர்க்கோ, வெறுங்கண்ணே முதற்சோதனைக் கருவியாக இருப்பதால், இது இன்னும் நெருக்கமான செய்தியாகிறது.

மேல்தோலின் அடிவரிசையில் மெலனோசைட் எனப்படும் நிறமிச் செல்கள் இடைவெளிவிட்டுப் பரவியுள்ளன. தோலுக்கு நிறம் தருவதும், வெயிலோடு வரும் புறஊதாக் கதிர்கள் உட்புகாமல் தடுப்பதுமான மெலனின் என்னும் கரும்பொருளை உண்டாக்குபவை இவையே. இத்தகைய செல்கள் ஓரிடத்தில் கூட்டமாகத் திரளும்போது அங்கு மச்சம் தோன்றுகிறது. ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒன்று மச்சத்துடனே பிறக்கிறது; ஏனைய மச்சங்கள் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் தோன்றிச் சில காலம் வளர்ந்து, பின்னர் மாற்றமின்றி நின்று, முதுமையில் சில வெளிறி மறைகின்றன. பேச்சு வழக்கில் மச்சத்தையும் மருவையும் ஒன்றாகச் சொல்வோர் உண்டு எனினும், சொரசொரப்பாகத் தோன்றும் மரு வைரஸ் கிருமியால் உண்டாகும் தோல் வளர்ச்சியாகும். அதன்மேல் ஊசி பட்டால் கிருமி பச்சையின் கோடுகள் நெடுகப் பரவி, வரிசை வரிசையாகப் புதிய மருக்கள் முளைக்கக் கூடும்.

பச்சை குத்தும் ஊசி மேல்தோலைத் துளைத்து, அதற்குக் கீழுள்ள உள்தோலில் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மையை விடுகிறது. மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால் அங்கே தங்கிய மை விரைவில் நீங்கிவிடும். உள்தோலில் இறங்கிய மையோ வாழ்நாள் முழுவதும் நிற்கும். அது நிற்கும் விதம் வியப்புக்குரியது. உடலுக்குள் நுழையும் அயற்பொருளை விழுங்கி அழிக்கும் வேலையைச் செய்யும் மேக்ரோஃபேஜ் என்னும் காவற்செல்கள் மைத்துகளையும் விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடியாமல் தமக்குள் வைத்துக்கொண்டே வாழ்ந்து, இறக்கும்போது அதை வெளியே விட, அடுத்து வரும் புதிய காவற்செல் அதே துகளை எடுத்து விழுங்கிக்கொள்கிறது. எலிகளைக் கொண்டு இந்தக் கைமாற்றத்தை விளக்கிக்காட்டிய ஆய்வு பிரான்சின் மார்செய் நகர அறிவியலாளர்களால் 2018இல் வெளியிடப்பட்டது. மை முழுவதும் தோலிலேயே தங்குவதுமில்லை. ஒரு பகுதி நிணநீர் வழியாகச் சென்று அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள நிணநீர்க் கணுக்களில், அதாவது கையிலோ காலிலோ புண் வந்தால் நெறி கட்டுமே அந்த இடங்களில், சேர்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற நிறமிகளின் மிக நுண்ணிய துகள்கள் மனித நிணநீர்க் கணுக்களில் இருப்பதை 2017இல் ஐரோப்பிய ஆய்வுக்குழு ஒன்று உயர்திறன் எக்ஸ் கதிர்களால் கண்டறிந்தது.

தமிழகத்தில் இந்தக் கலை புதியதன்று. அகத்தி இலையும் மஞ்சளும் சேர்த்து அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த சட்டியில் படியும் கரியைத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்துக் குறவர் சமூகப் பெண்கள் கையிலும் நெற்றியிலும் பச்சை குத்திய முறையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான தம்முடைய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூல்தொகுதியில் விவரித்துள்ளார். முகவாயிலோ கன்னத்திலோ ஒற்றைப் புள்ளியாகக் குத்தி, இல்லாத மச்சத்தை உண்டாக்கிக்கொள்வதும் பழைய வழக்கமே. அக்காலப் பச்சை பெரும்பாலும் புள்ளிகளாலும் மெல்லிய கோடுகளாலும் ஆனது. தோலின் பெரும்பகுதி கோடுகளுக்கிடையே வெளித்தெரிந்துகொண்டிருந்தது. நியூயார்க் நகரத்துச் சாமுவேல் ஓரெய்லி 1891இல் காப்புரிமை பெற்ற மின்பொறியின் வழியில் வந்த இன்றைய கருவிகள், கை முழுவதையும் அடர்ந்த கறுப்பால் நிரப்பவும் பல வண்ணங்களை அடுக்கவும் வல்லவை. மச்சம் முழுமையாக மறைந்துபோவது இந்த நிரப்பும் முறையால்தான். மச்சத்தைப் பூவின் மையமாகவோ விலங்கின் கண்ணாகவோ மாற்றித் தருமாறு கேட்போரும், பலனில்லாத இடத்து மச்சம் என்று சோதிடர் சொன்னதால் அதை மறைத்துவிட விரும்புவோரும் இதனோடு சேர்ந்துகொள்கின்றனர். நல்ல பேறு வாய்த்தவனை மச்சக்காரன் என்று அழைக்கும் ஊரில், தோலின் ஒரு புள்ளிக்கு மருத்துவப் பொருளும் உண்டு என்பது போதிய அளவு பேசப்படாமல் இருக்கிறது.

அந்த மருத்துவப் பொருள் மெலனோமா என்னும் புற்றுநோயைச் சார்ந்தது. நிறமிச் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் வரும் இந்நோய், தோலில் தோன்றும் புற்றுநோய்களில் அரிதானதாயினும் உடலெங்கும் விரைந்து பரவுவதால் மிகுதியாக உயிர்குடிப்பது. இதன் கடுமையை அளக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் வகுத்தார்: தோலின் மேற்பரப்பிலிருந்து கட்டி எத்தனை மில்லிமீட்டர் தடிமனுக்கு இறங்கியுள்ளது என்பதே அந்த அளவு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நிலையில் கண்டறிந்து வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலோர் முழுநலம் பெறுகின்றனர்; அதற்குமேல் ஒவ்வொரு மில்லிமீட்டரும் நம்பிக்கையைக் குறைக்கிறது. பச்சையின் மை தங்கும் ஆழமும் இதே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்க் கணக்கிலேயே இருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும். நோயைக் குணப்படுத்தத்தக்க நிலையில் பிடிப்பதற்கு வாய்த்த அந்த மெல்லிய அடுக்கையே மை நிறமேற்றிக் குழப்பிவிடுகிறது.

மாற்றத்தை எவ்வாறு காண்பது என்பதற்கு நியூயார்க் மருத்துவர்கள் 1985இல் எளிய குறிப்புகளை வகுத்தனர். 2004இல் அவற்றோடு மேலும் ஒன்று சேர்ந்தது. மச்சத்தின் நடுவே கோடு கிழித்ததாகக் கொண்டால் இரு பாதிகளும் ஒத்திராமை, ஓரம் தெளிவின்றிக் கிழிந்தாற்போல் இருத்தல், ஒரே மச்சத்தில் கறுப்பும் பழுப்பும் சிவப்பும் நீலமும் கலந்திருத்தல், குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு மேற்படுதல், இவையெல்லாவற்றையும்விட முதன்மையாக, சில வாரங்களிலோ மாதங்களிலோ அளவும் நிறமும் மாறிக்கொண்டே போதல் ஆகியவை அவை. அரிப்பும் இரத்தக் கசிவும் உள்ள மச்சத்தையும், உடலிலுள்ள மற்ற மச்சங்களோடு ஒத்துப்போகாமல் தனித்துத் தெரியும் ஒற்றை மச்சத்தையும் மருத்துவர்கள் ஐயத்தோடே நோக்குகின்றனர். இந்தக் குறிப்புகள் அனைத்தும் நிறத்தையும் ஓரத்தையும் நம்பியிருப்பதால், கறுப்பு மையோ நீல மையோ நிரம்பிய தோலில் ஏறத்தாழ அனைத்தும் பயனற்றுப் போகின்றன. தோலின் உள்ளமைப்பைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் என்னும் கைக்கருவியின் வழியே பார்க்கும் மருத்துவருக்குக்கூட மைத்துகளும் மெலனினும் ஒன்றோடொன்று கலந்து தெரியும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. பச்சை குத்திய இடங்களில் தோன்றிய தோல் புற்றுநோய்கள் குறித்து அதுவரை வெளியான மருத்துவ அறிக்கைகளைத் தொகுத்து, ஹெல்சிங்கியைச் சேர்ந்த நிக்கோலா க்ளூகரும் விர்வே கோல்யோனனும் 2012இல் தி லான்செட் ஆன்காலஜி இதழில் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 50 நிகழ்வுகளையே கண்டது. பச்சை குத்திக்கொண்டோர் உலகில் கோடிக்கணக்கில் இருப்பதை நோக்கும்போது இவை தற்செயலாக ஒன்றுசேர்ந்தவை என்றே கொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. அதே கட்டுரை மச்சத்தின்மேல் பச்சை குத்துவதால் நோயறிவது தாமதமாகும் என்ற கவலையை மட்டும் நிலைநிறுத்தியது. அடுத்த ஆண்டே ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் அறிக்கை அக்கவலைக்கு உருவம் கொடுத்தது: பல வண்ணப் பச்சையை லேசர் ஒளியால் நீக்கிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவருக்கு, அந்தப் பச்சைக்குள் முன்பே இருந்த மச்சம் ஒன்றில் மெலனோமா வளர்ந்திருந்தது தெரியவந்தது. பச்சைக்கும் மெலனோமாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பது குறித்து அண்மையில் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளையே தந்துள்ளன.

நிணநீர்க் கணுக்களில் சேரும் மை மற்றொரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. மெலனோமா உறுதியானவருக்கு நோய் பரவியுள்ளதா என்று அறிய மருத்துவர் முதலில் பார்ப்பது அருகிலுள்ள நிணநீர்க் கணுவைத்தான். மை சேர்ந்து கறுத்த கணு, வெறும் பார்வைக்கு, நோய் பரவிய கணுவைப் போலவே தோன்றும். நுண்ணோக்கியால் ஆராய்ந்தால் உண்மை தெரிந்துவிடும் என்றாலும், உடலில் எங்கே எப்போது பச்சை குத்தப்பட்டது, லேசரால் நீக்கப்பட்ட பச்சை ஏதும் உண்டா என்பதை நோயாளி அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்வது இதனால் அவசியமாகிறது.

இந்தியரின் கருநிறத் தோலில் மெலனோமா மிக அரிது; வெண்ணிறத் தோலினர் மிகுந்த ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு இலட்சம் பேரில் 30க்கும் மேற்பட்டோருக்கு வரும் இந்நோய், இந்தியாவில் இலட்சத்தில் ஒருவருக்கும் குறைவானோருக்கே வருகிறது. மெலனின் தரும் காப்பு அத்தகையது. ஆனால் இந்தப் புள்ளிவிவரத்தால் அமைதியடைந்துவிடுவது தவறாகும். ஏனெனில் கருநிறத் தோலினர்க்கு மெலனோமா வரும்போது, வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் வருவதே மிகுதி. வெயிலோடு தொடர்பில்லாததால் மெலனின் அங்கே காப்பாக அமைவதில்லை. ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தின் கீழ் 1977இல் கண்டறியப்பட்டது இவ்வகை மெலனோமாவே; தொடக்கத்தில் பந்தாட்டக் காயமாகக் கருதப்பட்ட அந்நோயால் 1981இல், தம் 36ஆம் வயதில், அவர் இறந்தார். காலில் உள்ள கறுப்புப் புள்ளியை முள் குத்திய தழும்பு என்றோ நகக்கண்ணில் இரத்தம் கட்டியது என்றோ விட்டுவிடுவதே இந்நோய் முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வருவதற்குப் பெருங்காரணம்.

வத்தல்மலையின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும் பாதையில் ஏறிச் செல்லும் அம்மலையில் பெரியூர், பால்சிலம்பு, ஒன்றிக்காடு, சின்னாங்காடு முதலிய சிற்றூர்கள் உள்ளன. பட்டியல் பழங்குடியினராகிய மலையாளி மக்கள் (கேரளத்தவரினின்று வேறானவர்கள்) காப்பியும் மிளகும் சாமையும் ராகியும் கடுகும் பயிரிட்டு இங்கு வாழ்கின்றனர். தார்ச்சாலையும் பேருந்தும் அண்மைக் காலத்தில்தான் எட்டின. அதுவரை நோயாளியைச் சுமந்துகொண்டே இறங்கவேண்டியிருந்தது. சாலை வந்தபின்னரும், தோல் நோய்க்கென்று தனி மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் 2008இல் தொடங்கப்பட்ட தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற கீழ்நாட்டு மருத்துவமனைக்கே இறங்க வேண்டும், அதற்கு ஒரு நாள் கூலியை விட வேண்டும். வலியும் அரிப்பும் இல்லாத புள்ளி ஒன்றுக்காக எவரும் அப்படி இறங்குவதில்லை. ஆகவே, கணவனோ தாயோ அண்டைவீட்டுக்காரியோ தற்செயலாகப் பார்த்து, இந்த மச்சம் முன்பு இவ்வளவு பெரிதாக இல்லையே என்று சொல்வதுதான் மலையில் நடைபெறும் ஒரே பரிசோதனை. மையால் மூடிய தோலில் அப்படிச் சொல்வதற்கும் வழியில்லை.

மலையிலிருந்து வேலை தேடி ஓசூருக்கும் பெங்களூருக்கும் செல்லும் இளைஞர்கள் அந்நகரங்களின் டாட்டூ கடைகளில் குத்திக்கொண்டு வரக்கூடும். திருவிழாக் கடைவீதிகளில் மின்கலப் பொறியால் சில நிமிடங்களில் பெயர் எழுதித் தருவோரும் உள்ளனர். அங்கே ஊசி ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பிரிக்கப்படுகிறதா என்பதே முதற்கேள்வி. ஒரே ஊசியால் மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும் என்பதால்தான், பச்சை குத்திக்கொண்டவரிடம் இந்தியாவில் 12 மாதங்களுக்கு இரத்தம் பெறப்படுவதில்லை. மை தூய்மையற்றதாக இருப்பின் புதிய ஊசியும் காப்பாற்றாது: நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 2011இல் 19 பேருக்குத் தோலில் நீடித்த கிருமித்தொற்று வந்ததற்குக் கடையின் அசுத்தம் காரணமாகவில்லை, ஆலையிலேயே நீர் கலந்து அடைக்கப்பட்ட சாம்பல்நிற மை காரணமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை மையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளது. கர்நாடக அரசு 2025இல் மை மாதிரிகளைச் சோதித்தபோது 22 வகை உலோகங்கள் காணப்பட்டதாக அறிவித்து, மைக்குத் தரநிலை வகுக்குமாறு மத்திய அரசைக் கேட்டுக்கொள்ளப்போவதாகக் கூறியது. தமிழகமும் இதே சோதனையை நடத்த வேண்டும். எல்லை தாண்டி வரும் மை ஒன்றே.

மச்சத்தை மூடுவதாலும் பச்சை குத்திக்கொள்வதாலும் மருத்துவம் சாராத இடையூறுகளும் உண்டு. பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதப்படுவது பெரும்பாலும் மச்சமே. வலது முழங்கைக்குக் கீழ் ஒரு மச்சம் என்று பதிவாகியிருக்கும் இளைஞர் அதை மறைத்துவிட்டால், வேலைக்கான சரிபார்ப்பின்போது விளக்கம் சொல்ல நேரிடும். இந்திய இராணுவம் முன்னங்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிலையான பச்சையை ஏற்கிறது; பழங்குடியினர்க்கு அவர்களுடைய மரபை ஒட்டித் தளர்வு உண்டு என்றாலும், கடையில் குத்திய வண்ணச் சித்திரம் மரபாகக் கொள்ளப்படுமா என்பதைத் தேர்வுக்குழுவே முடிவு செய்யும்.

இவ்வளவும் அறிந்தபின் பச்சை குத்திக்கொள்ள விரும்புவோர் மச்சத்தைச் சுற்றி ஒரு விரற்கடை அகலமாவது வெறுந்தோலாக விட்டு, சித்திரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்வது நல்லது. தோலின் நிறத்திலேயே இருக்கும் சதை மச்சமும் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும் ஆதலால், குத்துவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் அவ்விடத்தைத் தடவிப் பார்ப்பதும், அளவுகோலை அருகில் வைத்துக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வதும் பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பிறவியிலேயே உள்ள பெரிய மச்சமும், குடும்பத்தில் எவருக்கேனும் மெலனோமா வந்திருப்பதும் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டிய நிலைகள். வெண்புள்ளி, காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸ் ஆகியவை உள்ளோர்க்கு ஊசி பட்ட கோட்டிலேயே அந்நோய் புதிதாகத் தோன்றக்கூடும். காயம் ஆறிய இடம் கயிறுபோல் தடித்து வளரும் இயல்புடையோர் பச்சையைத் தவிர்ப்பதே மேல். மச்சம் உறுத்துகிறது, வேண்டவே வேண்டாம் என்று நினைப்பவர் அதை மருத்துவரிடம் வெட்டி எடுத்து, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பி, தழும்பு முழுமையாக ஆறியபின் பச்சையைப் பற்றி எண்ணலாம். மச்சத்தின்மேல் குத்த மறுக்கும் கலைஞர் தம் தொழிலை அறிந்தவர். வேறு கடை தேடிப் போகாமல் அவர் சொல்லை ஏற்க வேண்டும்.

ஏற்கெனவே மச்சத்தின்மேல் குத்திக்கொண்டவர் பதற வேண்டியதில்லை. பச்சைக்குள் மேடு எழும்புவது, ஒரு பகுதி நிறம் மாறுவது, கோடு காரணமின்றிச் சிதைவது, ஆறாத புண் ஆகியவை தெரிந்தால் மருத்துவரிடம் காட்டி, அவர் கருதினால் சதைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பச்சையை லேசரால் நீக்க முனைவோர், அதற்குள் மச்சம் இருந்தால் முதலில் மச்சத்தைக் குறித்து முடிவு செய்துகொள்ள வேண்டும். லேசர் ஒளி மச்சத்தின் நிறத்தை மட்டும் அழித்துச் செல்களை விட்டுவைக்கக் கூடும், பின்னர் அது திரும்ப முளைக்கும்போது நுண்ணோக்கியில் புற்றுநோய்போலவே தோன்றி மருத்துவரையும் மயக்கும். மெலனோமாக்களில் ஏறத்தாழ 30 விழுக்காடே பழைய மச்சத்திலிருந்து எழுகின்றன, மற்றவை வெறுந்தோலில் புதிதாகத் தோன்றுகின்றன என்பதால், மச்சத்தை விட்டுக் குத்தியவரும் பச்சை நிரம்பிய இடத்தை அவ்வப்போது பார்த்துவர வேண்டும்.

மலையூர்களைப் பொறுத்தவரை இந்த அறிவை வீடுவரை கொண்டுசேர்ப்பதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை நோயையும் பார்க்க வீடுதோறும் செல்கின்றனர். சர்க்கரை நோயாளியின் காலைப் புண்ணுக்காகப் பார்க்கும்போதே, உள்ளங்காலில் வளரும் கறுப்புப் புள்ளியையும் நகத்தில் நீளவாக்கில் அகன்று இறங்கும் கறுங்கோட்டையும் அடையாளம் காண அவர்களுக்குச் சில மணி நேரப் பயிற்சி போதும். ஐயத்துக்குரியதைக் கைப்பேசியில் படமெடுத்துத் தருமபுரியிலுள்ள தோல் மருத்துவருக்கு அனுப்பும் ஏற்பாடும் சேர்ந்தால், எந்தப் புள்ளிக்காக மலையிறங்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை வத்தல்மலையிலேயே தெரிந்துகொள்ள முடியும்.